குழந்தையின் உள்ளங்கால் வளைவு

பழையாற்றில் குளித்துக் கரையேறும் சிறு குழந்தையின் ஈரச்சுவடு படிக்கல்லில் முழுத்தட்டையாகப் பதியும். அஃது ஊனமன்று. அவ்வயதில் உள்ளங்காலில் கொழுப்பு நிறைந்து, தசைநார் நெகிழ்ந்திருக்கும். ஓடியாடிப் பத்து வயதை எட்டுமுன், உடற்பாரத்தை வில்போலத் தாங்கும் வளைவு பெரும்பாலோர்க்குத் தானே அமைந்துவிடும்.

ராவ், ஜோசப் என்னும் இந்திய மருத்துவர் இருவர், 2,300 சிறுவரின் காற்சுவடுகளை ஆராய்ந்து 1992-இல் முடிவை வெளியிட்டனர். காலணி அணிந்தோருள் 8.6 சதவீதத்தினர்க்கும், அணியாதோருள் 2.8 சதவீதத்தினர்க்குமே தட்டைப்பாதம் இருந்தது. மூடிய காலணி அணிந்தோரிடம் அது மிகுதி.

ஆகவே அங்கத்தினர்கள் இதற்கெனப் பூட்ஸ் வாங்கிப் பொருளை விரயம் செய்ய வேண்டா. முள்ளும் அசுத்தமும் உள்ள இடத்திற்குத் திறந்த செருப்பே போதும். குழந்தையை நுனிக்காலில் நிற்கச் செய்க. வளைவு தோன்றினால் அச்சமில்லை. தோன்றாவிடினும், வலியிருப்பினும் மருத்துவரிடம் காட்டுக. பிறவியிலேயே உட்புறம் திரும்பிய பாதத்திற்கோ தாமதம் கூடாது. முதற் சில வாரங்களிலேயே மாவுக்கட்டினால் திருத்தத் தொடங்குதல் நன்று.