மாடிக்கு மாடி

அன்புள்ள வாசகருக்கு,

செங்கம் சாலைப் பக்கம் வீடு, அதில் ஃபைபர் இணைப்பு. தெருவுக்கு எதிர்ப்புறம் இருநூறு மீட்டர் தள்ளி, கிரிவலம் வருபவர்களுக்காக நீங்கள் கட்டிய தங்கும் விடுதி. அதுவரை வைஃபை எட்ட "பவர் அதிகமான ரௌட்டர்" எது என்று கேட்கிறீர்கள். அதை வாங்காதீர்கள். ரௌட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் விடுதியில் இருக்கும் செல்போன் மெல்லத்தான் பதில் சொல்லும். அது உங்கள் வீட்டுக்குக் கேட்க வேண்டாமா? மலிவான ரிப்பீட்டரும் வேண்டாம். வாங்கியதை அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும்.

வீடும் விடுதியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தால் ஃபைபரைப் புதைத்துவிடுங்கள் என்றிருப்பேன். நடுவில் பொதுத்தெரு. சாதாரண நெட்வொர்க் கேபிளுக்கோ 100 மீட்டர்தான் எல்லை. மேலே இழுத்தால் இடி, குரங்கு என்று நம் ஊர்த் தொல்லைகள் வேறு.

உங்களுக்கு வேண்டியது வெளியில் மாட்டும் சிபிஇ, அதாவது குறிபார்த்து வைக்கும் ஆன்டெனாவோடு வரும் வைஃபை ரேடியோ, ஒரு ஜோடி. வீட்டு மாடியில் ஒன்று, விடுதி மாடியில் ஒன்று, நேருக்கு நேர். விடுதிக்குள் தனியாக ஒரு ரௌட்டர். 5.8 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் வாங்குங்கள், 2.4-இல் ஏற்கெனவே தெருவே நெரிகிறது, பௌர்ணமிக் கிரிவலத்தன்று கேட்கவே வேண்டாம்.

இதற்கு நம் மாநிலத்திலேயே முன்னோடி உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் இப்படித்தான் இணைத்தார்கள். கிராமத்து நோயாளியை மருத்துவர் தேனியில் இருந்தபடியே வீடியோவில் பார்த்தார். பயன்பட்டவை விலை குறைந்த வைஃபை ரேடியோக்கள், குறிபார்த்து வைத்த ஆன்டெனாக்கள். பல கிலோமீட்டர் போகும்போது, 'கிடைத்தது' என்ற பதில் வருமுன்பே வைஃபை பொறுமையிழந்து மறுபடி அனுப்பிவிடும். அதனால் மென்பொருளை மட்டும் மாற்றி எழுதினார்கள். உங்கள் தூரத்துக்கு அந்தக் கவலையே இல்லை. 2007-இல் வெனிசுவேலாவில் இரண்டு மலையுச்சிகளுக்கு இடையே 382 கிலோமீட்டரே வைஃபையில் போய்விட்டது. நடுவில் மறைப்பு இல்லாதது அதற்கு முக்கியக் காரணம்.

மறைப்பு இல்லை என்பதற்கு எதிர்மாடி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நடுவழியில் அகன்று போகும். 200 மீட்டருக்கு, பாதித் தூரத்தில் நேர்கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் கைப்பிடிச் சுவரும் அங்கேதான் காலை வாரும்.

லைசென்ஸ் பயம் வேண்டாம். 2.4 வரிசை 2005-இலும், 5 வரிசையின் பெரும்பகுதி 2018-இல் வெளிப்புறத்துக்கும் திறந்துவிடப்பட்டன, குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள். ஆனால் விடுதியில் தங்குபவர்களிடம் வைஃபைக்குக் காசு வாங்குவது வேறு விஷயம். உங்கள் இணைப்பு ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்காமல் போகலாம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வானி என்ற பொது வைஃபை திட்டத்தை விசாரியுங்கள்.

அதே பெர்க்லி குழு பிறகு எழுதியதில் சிக்னலைவிட மின்சாரத்தைத்தான் அதிகம் நொந்துகொண்டது. ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளைத் தின்றுவிட்டது. ஆகவே இரண்டு மாடியிலும் சின்ன யுபிஎஸ்ஸும் ஒழுங்கான எர்த்திங்கும் போடுங்கள். சிபிஇயில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் நடுவில் ஒரு வேப்பமரம் தெரிகிறது. வெயிலில் சமாளிக்கலாம், ஐப்பசி மழையில் நனைந்த இலை சிக்னலைக் குடித்துவிடும். கிளை யார் மனைக்குள் வருகிறது, மாடியிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுங்கள். சிபிஇயை மாட்டும் கம்பத்தின் நீளத்தை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்