டாங்கிக்குள் நாலு பேர்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவர்களிடம் வண்டியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரி, வல்லம் வடகாலில் மோட்டார் சைக்கிள் என்று பிழைப்பே வண்டிதான். எங்கள் சின்னக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையும் வண்டியைத்தான் உருட்டுகிறது. அது உள்ளங்கையில் அடங்கும் டாங்கி. ஒரகடத்தில் ஒரு வாடகை வீட்டு ஹாலில் ஆறடி பிளைவுட்டைப் போட்டு, மாடல் டாங்கிகளை நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை போட்டு ஆடும் போர் விளையாட்டு. ஆடி ஆடி நான் தெரிந்துகொண்டது இதுதான்: டாங்கியை நகர்த்துவதாக நினைக்காமல், உள்ளே இருக்கும் ஆட்களை வேலை வாங்குவதாக நினைத்தால் ஆட்டம் தானாகத் தேறிவிடும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, பீரங்கி எத்தனை மில்லிமீட்டர், கவசம் எவ்வளவு கனம் என்றுதான். நான் முதலில் சொல்லித் தருவது, யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை. அதற்கான பாடம் ஆவடியிலேயே இருக்கிறது. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதில் நாலு பேர். டிரைவர் முன்பக்கம் வலது ஓரத்தில். டரட்டுக்குள், அதாவது மேலே பீரங்கியோடு சுழலும் கோபுரத்துக்குள், சுடுகிற கன்னரும் அவருக்குப் பின்னால் சற்று உயரத்தில் கமாண்டரும் வலது பக்கம். இடது பக்கம் குண்டு நிரப்பும் லோடருக்கு. அதே ஆவடியில் பிறகு தயாரான டி-72, டி-90 இரண்டிலும் மூன்று பேர்தான். குண்டை நிரப்ப இயந்திரம் வந்துவிட்டதால் லோடர் கிடையாது. ஆவடியில் வடிவமைத்த அர்ஜுனில் மறுபடியும் நாலு பேர். லோடரைக் குறைத்தால் வண்டி தாழ்வாக அமைகிறது, எதிரி கண்ணுக்குச் சிறிதாகிறது. ஆனால் செயின் கழன்றால் மாட்டவும், ராத்திரி முறை வைத்துக் காவல் இருக்கவும் ஒரு ஆள் குறைவு. விதியை நீங்களே எழுதிக்கொள்வதாக இருந்தால் இந்த லாபம், நஷ்டம் இரண்டையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது, ஒரு ஆள் தலையில் எத்தனை வேலை என்பது. லைனில் ஒருவர் லீவு போட்டு, பக்கத்து ஆபரேட்டர் இரண்டு ஸ்டேஷனையும் பார்த்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் அதேதான், சைக்கிள் டைம் எகிறிவிடும். டாங்கிக்குள்ளும் இதே கதைதான். 1940இல் பிரான்ஸ் வைத்திருந்த சோமுவா எஸ்-35 டாங்கியின் கவசத்தையும் பீரங்கியையும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் டரட்டில் கமாண்டர் ஒருவரே. எதிரியைத் தேடுவதும், குறி பார்ப்பதும், சுடுவதும், டிரைவருக்கு உத்தரவு போடுவதும் அவர்தான். எதிரே வந்த ஜெர்மனியின் பான்சர் மூன்றில் இந்த வேலைகளைப் பங்குபோட்டுக்கொள்ள டரட்டில் மூன்று பேர். சோவியத் ஒன்றியத்தின் டி-34 டாங்கியிலும் முதலில் கமாண்டரே கன்னர். 85 மில்லிமீட்டர் பீரங்கியோடு 1944இல் களத்துக்கு வந்த வடிவத்தில்தான் டரட்டுக்கு மூன்றாவது ஆள் கிடைத்தார்.

இதை மேசையில் அழகாகக் காட்டும் விதிநூல், பிரிட்டனின் டூஃபேட்லார்டீஸ் 2018இல் வெளியிட்ட ‘வாட் எ டாங்கர்’. ஆளுக்கு ஒரு டாங்கி, ஆறு பகடை. 1 விழுந்தால் வண்டியை ஓட்டலாம், 2 என்றால் எதிரியைக் கண்டுபிடிக்கலாம், 3 குறி பார்க்க, 4 சுட, 5 மறுபடி குண்டு நிரப்ப, 6 விழுந்தால் எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போருக்கான இந்த விதிகளை நாங்கள் 1965 இந்தியா–பாகிஸ்தான் போருக்கு மாற்றி ஆடுகிறோம். ஒரு ஆட்டத்தில் கரும்புக்காட்டு ஓரம் என் செஞ்சூரியன் டாங்கி. இரண்டடி தள்ளி, பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு எதிராளியின் பேட்டன் டாங்கி. பகடையில் விழுந்தது 1, 1, 3, 4, 4, 5. குறி பார்க்கலாம், சுடலாம், நிரப்பலாம். ஆனால் 2 இல்லை. கமாண்டர் கண்ணில் படாததை கன்னர் எப்படிச் சுடுவார்? இரண்டு 1களையும் செலவழித்து வரப்புக்குப் பின்னால் பதுங்கினேன். சுட முடியாத சுற்றில் ஒளிந்துகொள்வதுதான் புத்தி. முன்னே போய் நிற்கிறவர்களின் வண்டிதான் எங்கள் மேசையில் முதலில் எரிகிறது.

ஆயுதத்தையும் ஆளோடு சேர்த்தே பாருங்கள். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பக்கம் நடந்த அசல் உத்தர் சண்டை இதற்கு நல்ல களம். இந்தியத் தரப்பில் செஞ்சூரியன், ஷெர்மன், ஏஎம்எக்ஸ்-13. பாகிஸ்தான் தரப்பில் பேட்டன். ஏஎம்எக்ஸ்-13 வண்டியில் மூன்றே பேர். டரட்டின் பின்புறம் ஆறு ஆறு குண்டு பிடிக்கும் இரண்டு உருளைகள் உண்டு. பன்னிரண்டையும் மளமளவென்று சுட்டுவிடலாம். தீர்ந்தால் யாராவது வெளியே இறங்கித்தான் உருளையை நிரப்ப வேண்டும். அதனால் அந்த மாடல் பக்கத்தில் பன்னிரண்டு பாசிமணி வைத்து, சுடச்சுட ஒவ்வொன்றாக எடுங்கள். கடைசி மணி போகும் முன்பே பின்வாங்க இடம் பார்த்து வையுங்கள்.

ஜீப்பில் ஏற்றிய 106 மில்லிமீட்டர் பீரங்கியை அற்பமாக நினைக்காதீர்கள். அசல் உத்தரில் 4 கிரெனேடியர்ஸ் படையின் அப்துல் ஹமீது, கரும்புக்காட்டு மறைவில் இருந்துகொண்டு இந்த ஜீப்பால்தான் பேட்டன்களை அடித்தார். அங்கேயே உயிர் நீத்தார்; மறைவுக்குப் பின் அவருக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. இந்தப் பீரங்கி பின்பக்கமாகக் கக்கும் புகையும் தூசியும் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆட்களுக்குக் கவசமும் கிடையாது. எங்கள் மேசையில், ஜீப் சுட்டதும் அதன் பின்னால் பஞ்சைக் கிள்ளி வைப்போம். பஞ்சு இருக்கும்வரை எல்லாருக்கும் அது தெரியும். சுட்டுவிட்டு அடுத்த சுற்றில் இடம் மாறாத ஜீப் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

அடி வாங்கிய டாங்கியை உடனே மேசையிலிருந்து எடுத்துவிடுவதும் எனக்குப் பிடிக்காது. இன்ஜின், பீரங்கி, ஆட்கள் என்று மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். பாகிஸ்தானுடனான 1971 போரில், டிசம்பர் 16 அன்று நடந்த பசந்தர் சண்டையில் பூனா ஹார்ஸ் படையின் 21 வயது அருண் கேத்ரபால், தன் செஞ்சூரியன் அடிபட்டுத் தீப்பிடித்த பிறகும், பீரங்கி வேலை செய்ததால் வண்டியை விட்டு இறங்க மறுத்துச் சண்டையைத் தொடர்ந்தார். அதே சண்டையில் உயிர் துறந்தார். ‘ஃபிளேம்ஸ் ஆஃப் வார்’ என்ற இன்னொரு விதிநூலில், குண்டு கவசத்தைத் துளைத்தும் வண்டி அழியாவிட்டால் ஆட்கள் வெளியே குதித்ததாகக் கணக்கு. பகடை போட்டு மறுபடி ஏற வேண்டும். வண்டி போவதும் மனிதர் மனம் விடுவதும் வேறு வேறு என்பதை இந்த ஒரு விதியே புரியவைத்துவிடும். உயிர் கொடுத்தவர்கள் பெயரை மாடலுக்குச் சூட்டிக் கேலி பேசுவது எங்கள் மேசையில் கிடையாது.

கைவேலைக்குச் சில குறிப்புகள். 1:100 அளவு எடுங்கள். செஞ்சூரியன் உடல் ஏழரை சென்டிமீட்டர் வரும். அரபு–இஸ்ரேல் போர்களுக்காக வந்த செஞ்சூரியன், பேட்டன், ஏஎம்எக்ஸ்-13 கிட்டுகளே நமக்கும் உதவும். கரும்புக்காட்டுக்குத் தேங்காய்நார் மிதியடியைத் துண்டு போட்டால் போதும். பார்ட்ஸ் சுற்றி வரும் ஃபோமில் வரப்பும் மேடும் செய்யலாம். டரட்டுக்கும் கமாண்டர் பொம்மைக்கும் குட்டிக் காந்தம் ஒட்டுங்கள். மூடி திறந்து தலை வெளியே இருந்தால் எதிரியைத் தேடச் சலுகை, துப்பாக்கிச் சூட்டால் ஆபத்து என்று விதி வைக்கலாம். ரெசின் பிரிண்ட் எடுப்பவர்கள் ரெசினைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்; காற்றோட்டமில்லாத அறையில் பிரிண்டரை ஓட்டாதீர்கள்.

ஆரம்பிக்க ஆளுக்கு இரண்டு டாங்கி, நடுவில் ஒரு ஜீப் போதும். எந்த டாங்கி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அதற்குள் எத்தனை பேர், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று முதலில் படித்துவிட்டு வாருங்கள். பெட்டி மேல் போட்டிருக்கும் பீரங்கி அளவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.