மாதத்துக்கு ஏற்ற நாள்

அன்புள்ள மருமகனுக்கு,

குன்னூரில் வேலைக்குச் சேர்ந்த கையோடு, தாவோ வழியில் வாழ ஒரு கால அட்டவணை கேட்டிருக்கிறாய். ஐந்து மணிக்கு எழுவது, ஆறு மணிக்கு நடப்பது என்று ஆண்டு முழுவதும் மாறாத ஒன்றை எழுதித் தர எனக்கு மனம் வரவில்லை. சீன ஞானி லாவோ ட்சுவின் பெயரில் வழங்கும், 81 சிறு அதிகாரங்கள் கொண்ட தாவோ தே ஜிங் வலிந்து செய்வதை விடச் சொல்கிறது. மாறாத அட்டவணையோ ஒவ்வொரு நாளையும் வலிந்து பிடிப்பதுதான்.

நீலகிரியில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது மழையும் பனியும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம் பக்கம் கொட்டும்போது குன்னூரில் அவ்வளவு இருக்காது; குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மார்கழி, தையில் ஊட்டியின் பள்ளங்களில் உறைபனி விழுந்து புல்லும் தேயிலையும் கருகும். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இத்தனை வேறுபாடு இருக்க, உன் நாள் மட்டும் ஏன் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்க வேண்டும்? சித்திரையில் விடியலில் நட. தையில் வெயில் ஏறியபின் கிளம்பு.

அலுவலகம் மாதத்தைப் பார்த்து நேரம் மாற்றுமா என்று கேட்பாய். மாற்றாது. தேயிலைத் தோட்டத்திலும் வேலை நேரம் கட்டானதுதான். ஆனால் கொழுந்து பறிக்கும் ரவுண்டு செடியின் வளர்ச்சியைப் பார்த்தே வருகிறது: செடி தளிர்க்கும் மாதங்களில் அடிக்கடி, வறண்ட மாதங்களில் இடைவெளி விட்டு. பறிக்கும்போதும் இரண்டு இலை, ஒரு மொட்டோடு கை நிற்கும். முற்றிய இலையையும் சேர்த்து உருவினால் தேயிலையின் தரம் கெடும், செடியும் சோரும். கட்டான நேரத்துக்குள்ளும் எதை எப்போது செய்வது, எங்கே நிறுத்துவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. கவனம் கூர்மையாக இருக்கும் காலையில் கடினமான வேலையை முடி. இருட்டியபின் மிச்சத்தை இழுத்துக்கொண்டு உட்காராதே.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தேயிலைத் தோட்டமே இயற்கைக்கு மாறானதுதானே? உண்மை. சோலையையும் புல்வெளியையும் அழித்துத்தான் தோட்டங்கள் வந்தன. மரமாக வளரக்கூடிய செடியைக் கவாத்து செய்து இடுப்பளவில் நிறுத்துகிறோம். தோட்டத்தை நான் புனிதப்படுத்தவில்லை. மனிதன் கை வைக்காமல் வாழ முடியாது. கை வைக்கும் இடத்தின் போக்கை அறிந்தானா என்பதே என் கேள்வி. கவாத்து செய்பவர் செடியின் பருவம் அறிந்து வெட்டுகிறார், அது மறுபடி தளிர்க்கிறது. வெற்று நிலம் என்று எண்ணி மலைப் புல்வெளிகளில் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் நட்டவர்கள், அந்தப் புல்தான் மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு விடுகிறது என்பதைப் பார்க்கவில்லை. அந்தச் சீகையை இன்று வெட்டி அகற்ற வேண்டியிருக்கிறது.

இப்போது ஐப்பசி, உன் ஊரின் பெருமழைக் காலம். 2009 நவம்பர் மழையில் குன்னூர்ப் பக்கமெல்லாம் மண் சரிந்து பல உயிர்கள் போயின. ஆகவே இரண்டு மாதத்துக்கு மாலை நடையை விட்டுவிடு. மழை கனக்கும் நாளில் மலைப்பாதைப் பயணத்தைத் தள்ளிப்போடு. இருட்டுமுன் வீடு சேர்ந்து, சூடாகச் சாப்பிட்டு, சீக்கிரம் படு. தை பிறந்ததும் எழுது, அடுத்ததைப் பேசுவோம்.

அன்புடன்,
மாமா