கண்ணின் கலிங்கு

பாகூர் ஏரியில் வரத்து மிகும்போது கலிங்கு அடைபட்டிருந்தால் கரை தாங்குமோ? கண்ணும் அத்தகையதே. உள்ளே இடையறாது சுரக்கும் நீர், கருவிழியோரத்து நுண்சல்லடை வழியே வடிகிறது. அவ்வழி தடைப்பட்டால் அழுத்தம் ஏறும்; பார்வை நரம்பு வலியின்றி நலியும். ஓரப்பார்வையே முதலில் மங்குதலின், கிளாக்கோமா எனும் இந்நோயைப் பலர் அறியார். இழந்த பார்வையோ மீளாது.

வில்லியனூர், பாகூர்ப் பகுதி உழவர்க்கு நாள்தோறும் தவறாது சொட்டு மருந்திடல் எளிதன்று. அவர்க்கு அண்மையில், தவளக்குப்பத்தில் 2003இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்நோய்க்கெனத் தனிப் பிரிவு உண்டு. லேசர் ஒளியைச் சில நிமிடம் சல்லடைமேல் செலுத்தினால் பலர்க்கு வடிகால் சீர்படும், கத்தி வேண்டுவதில்லை. 2019இல் வெளியான இலண்டன் ஆய்வில், முதலிலேயே லேசர் பெற்றோருள் நூற்றுக்கு 74 பேர் மூன்றாண்டின் முடிவிலும் சொட்டு மருந்தின்றி இருந்தனர். ஆண்டுகள் செல்லப் பயன் குறையின் மீண்டும் செய்துகொள்ளலாம். அழுத்தத்தை மட்டும் அவ்வப்போது அளந்துவரல் வேண்டும்.