பெரிய குஞ்சும் சின்னக் குஞ்சும்



"கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?" என்பது நம் பழமொழி. தாய்க்கோழிக்கு அது சரி. ஆறு வாரக் குஞ்சு ஒரு வாரக் குஞ்சை மிதித்தால்? சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் பூம்பாறையில் உள்ள என் அம்மாச்சி வீட்டில் இதற்கு விடை கிடைத்தது.

அங்கே ஆறு வாரக் குஞ்சுகள் ஏழு இருந்தன. அப்பா கீழ்நாட்டிலிருந்து ஒரு வாரக் குஞ்சுகள் பத்து வாங்கி வந்தார். மலைக்குளிர் கடுமையாயிற்றே, பெரியவை சின்னவற்றுக்குக் கதகதப்புத் தரும் என்று எண்ணி, எல்லாவற்றையும் ஒரே பஞ்சாரத்தில் நான்தான் அடைத்தேன். காலையில் இரண்டு குஞ்சுகள் தலையில் கொத்துப்பட்டு இறந்து கிடந்தன.

"தாய் இல்லாத குஞ்சுக்கு அண்ணன் அக்காள் எல்லாம் கிடையாது தாயி" என்றார் அம்மாச்சி.

கோழிகளுக்குள் மேல், கீழ் என்ற வரிசை உண்டு. நார்வே நாட்டின் ஷெல்டெரூப்-எப்பே என்பவர் 1920-களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து, 'கொத்தும் வரிசை' என்று பெயரிட்டார். புதிதாக வருவது கடைசி இடத்துக்குப் போகும். சின்னது என்றால் தப்பவும் வலுவிராது.

வெப்பத் தேவையும் வேறு. முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும். பிறகு வாரந்தோறும் 5 டிகிரி குறைக்கலாம். இறகு முளைத்த ஆறு வாரக் குஞ்சுக்கு விளக்குச் சூடு பெரும்பாலும் தேவையில்லை. ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள நம் கோடைக்கானல் பக்கத்தில் சின்னக் குஞ்சை விளக்கின்றி விடவே கூடாது.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பத்து நாட்களில் மூன்று குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்து இறந்தன. இது இரத்தக் கழிச்சல் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். ஒரு நுண்ணுயிர் குடலைத் தாக்குவதால் வருவது. பெரிய குஞ்சுகள் இலேசாகத் தொற்றிப் பிழைத்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அவற்றின் எச்சத்தில் கிருமி வெளிவரும். மூடுபனியில் நனைந்த கூளத்தில் அது நன்றாகப் பிழைத்திருக்கும். பெரியவை நலமாயிருப்பதை நம்பி ஏமாந்தேன்.

மருத்துவர் சொன்ன முறை இது: ஆறேழு வாரம் வரை தனியே வளர்க்க வேண்டும். தினமும் சின்னவற்றுக்கு முதலில் தீனி வைத்து, பிறகே பெரியவற்றிடம் போக வேண்டும். காலில் ஒட்டிய எச்சம் மாறிப் போகாது. பிறகு கம்பி வலைக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒரு வாரம் விட்டு, இருட்டிய பின் சேர்க்க வேண்டும். தீனித்தட்டு இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். சின்னவை மட்டும் நுழையும் இடுக்கு ஒன்றும் வேண்டும். முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குஞ்சின் சிறுநீரகம் கெடும். எனவே எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீவனம் கொடுத்து, முட்டையிடுபவற்றுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனியே வைக்கலாம். இராணிக்கேட் நோய்க்கு முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து போட வேண்டும். (இராணிக்கேட்டும் நம் ஊரைப் போல ஒரு மலைநகரம்தான். பாவம், நோய்க்குப் பெயர் கொடுத்துவிட்டது!)

எஞ்சிய ஐந்தும் வளர்ந்துவிட்டன. அம்மாச்சி இப்போது பதினோரு முட்டைகளை அடை வைத்திருக்கிறார். இருபத்தொரு நாளில் பொரிக்கும். கம்பி வலைக்கு நான் அளவெடுத்துக் கொடுத்துவிட்டேன்.