நம்பிக்கைகளும் உண்மைகளும்: கால்வாயை எழுதினால் படம் வந்துவிடுமா?

ராதாபுரம் இருப்பது திருநெல்வேலி மாவட்டத்தில். ராதாபுரம் கால்வாய்க்குத் தண்ணீர் வருவதோ குமரி மாவட்டத்துக் கோதையாற்றுப் பாசனத்திலிருந்து. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் தோவாளைக் கால்வாய் வழியே நிலப்பாறைக்கு வந்து, அங்கிருந்து ராதாபுரம் கால்வாயாகப் பிரிந்து, 52 குளங்களையும் சேர்த்து 17,000 ஏக்கருக்குப் பாய்கிறது. வடக்கிலிருந்தும் ஒரு வழி உண்டு. தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் தொடங்கி சுமார் 75 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாய் அது. 2009-இல் தொடங்கிய பணி, 2025 பிப்ரவரியில்தான் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்த நீர்வழியைக் கையாளும் மென்பொருளுக்கு விளக்க ஆவணம் எழுதுகிறவர் முதலில் ஒரு படம் போட்டாக வேண்டும். அணை ஒரு பெட்டி, கால்வாய் ஒரு அம்புக்கோடு. மவுஸால் இழுத்து இழுத்து வரையாமல், எதிலிருந்து எது என்று வரிவரியாக எழுதினால் படமாக்கித் தரும் கருவிகள் இருக்கின்றன: கிராஃப்விஸ், பிளான்ட்யூஎம்எல், மெர்மெய்டு, டி2. அவற்றைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகளும் கூடவே புழங்குகின்றன.

"மெர்மெய்டு வந்துவிட்டது, கிராஃப்விஸ் பழங்கதை" என்பது அவற்றில் முதலாவது. கிராஃப்விஸ் ஏடி அண்ட் டி பெல் ஆய்வகத்தில் பிறந்தது. மெர்மெய்டு 2014-இல் வந்தது. 2022 பிப்ரவரியில் கிட்ஹப் அதை நேரடியாகக் காட்டத் தொடங்கியதும் பரவலானது. ஆனால் எழுதும் மொழி வேறு, பெட்டியை எங்கே வைப்பது என்று கணக்கிடும் நிரல் வேறு. மெர்மெய்டு தன் ஃப்ளோசார்ட்டுகளை அடுக்க வழக்கமாக நம்பியிருப்பது டாக்ரே என்ற நூலகத்தை. அந்த டாக்ரேயின் எலும்புக்கூடோ, கேன்ஸ்னர், கூட்சோஃபியோஸ், நார்த், வோ ஆகிய நால்வரும் 1993-இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. கிராஃப்விஸின் டாட் நிரலை விளக்கும் கட்டுரை அது. பழங்கதை என்று தள்ளப்பட்டதன் கணக்குதான் புதியதற்குள்ளும் ஓடுகிறது.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எழுதவும் திருத்தவும் எது எளிது என்பது ஒன்று. எந்த அடுக்கு நிரல் இந்தப் படத்துக்குப் பொருந்தும் என்பது மற்றொன்று. டி2 இதை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது: வழக்கமாக டாக்ரே, வேண்டுமென்றால் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஈஎல்கே, காசு கொடுத்தால் டாலா. மெர்மெய்டிலும் ஈஎல்கேவுக்கு மாறிக்கொள்ளலாம். பிளான்ட்யூஎம்எல்லுக்கு கிராஃப்விஸ் கட்டாயம் என்பதும் பாதி உண்மைதான். வகுப்புப் படம், கூறுப் படம் போன்றவற்றை அடுக்கத்தான் அது தேவை. யார் யாருக்கு எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறார்கள் என்று காட்டும் படத்துக்கு அது வேண்டியதில்லை.

அடுத்தது, "கணினி அடுக்கினால் அதுதான் சிறந்த அடுக்கு" என்பது. உண்மையில் கணினி ஊகித்து நகர்கிறது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களை மிகக் குறைவாக்குவது என்.பி. முழுமை வகைக் கணக்கு என்று கேரியும் ஜான்சனும் 1983-இல் நிறுவினார்கள். பெட்டிகள் கூடக்கூட, எல்லா வரிசைகளையும் முயன்று பார்க்க எந்தக் கணினிக்கும் நேரம் போதாது. 1981-இல் சுகியாமாவும் அவர் சகாக்களும் காட்டிய வழியில்தான் டாட், டாக்ரே, ஈஎல்கே மூன்றுமே நடக்கின்றன. முதலில் பெட்டிகளை அடுக்கு அடுக்காகப் பிரிப்பது, பிறகு ஒவ்வொரு அடுக்கிலும் முன்பின்னாக மாற்றி வெட்டுகளைக் குறைப்பது, கடைசியில் இடம் குறிப்பது. வெட்டு குறைக்கும் சுற்றை எத்தனை முறை ஓட்டுவது? 1993 கட்டுரையாளர்கள் வைத்த உச்சவரம்பு 24. அதற்குள் கிடைத்ததில் நல்லதை எடுத்துக்கொள்கிறது நிரல். எழுதிய வரிகளின் வரிசையை மாற்றினாலே படம் மாறிவிடுவது இதனால்தான்.

வெட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். சமச்சீர், கோட்டு வளைவு, வெட்டு ஆகியவற்றுள் எது வாசகரின் புரிதலை அதிகம் பாதிக்கிறது என்று ஹெலன் பர்ச்சேஸ் 1997-இல் சோதித்தார். மற்ற எல்லாவற்றையும் விட வெட்டுதான் தொல்லை என்று தெரிந்தது.

மிகவும் ஏமாற்றும் நம்பிக்கை இது: "எழுத்தில் இருப்பதால் சிறிய திருத்தம், சிறிய மாற்றம்." கோப்பில் சிறிய மாற்றம் என்பது சரி. படத்தில் அப்படியில்லை. தண்ணீர் இடமிருந்து வலமாக ஓடும்படி டாட்டில் எழுதிப் பாருங்கள். பாபநாசத்திலிருந்து கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்ற அணைக்கட்டுகளாகத் தாமிரபரணி ஒரு வரிசை. மேற்குத் தொடர்ச்சி மலையில் தானே பிறக்கும் நம்பியாறு இடது ஓரத்தில் தனியாக நிற்கும். இப்போது இணைப்புக் கால்வாயிலிருந்து நம்பியாற்றுக்கு ஒரே ஒரு அம்பு சேர்த்தால், அம்பு முன்னோக்கித்தான் போக வேண்டும் என்ற விதி நம்பியாற்றை கன்னடியனுக்கும் அப்பால் வலப்பக்கம் தள்ளிவிடும். அதன் பின்னால் நம்பியாறு அணையும் குளங்களும் நகரும். நேற்றுப் படம் பார்த்துப் பழகிய பொறியாளர், ஒரு வரி மாறியதாகச் சொல்லும் ஆவணத்தைத் திறந்து, எல்லாமே இடம் மாறியிருப்பதைப் பார்த்துத் திகைப்பார். டாட்டில் இதற்கு மருந்து உண்டு. அந்த ஒரு அம்புக்கு மட்டும் 'கன்ஸ்ட்ரெயின்ட்=ஃபால்ஸ்' என்று குறித்தால், கோடு வரும், ஆனால் அடுக்கைத் தீர்மானிக்காது. கையேட்டின் மூலையில் கிடக்கும் இந்தக் குறிப்பு, ஆவணம் எழுதும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே கற்க வேண்டியது.

மெர்மெய்டில் வேறு ஒரு கண்ணி. கோதையாற்றுப் பெட்டிகளை ஒரு கட்டத்துக்குள்ளும், தாமிரபரணிப் பெட்டிகளை இன்னொரு கட்டத்துக்குள்ளும் வைத்து, ஒன்று மேலிருந்து கீழ், மற்றது இடமிருந்து வலம் என்று திசை கொடுக்கத் தோன்றும். கட்டத்துக்குள் இருக்கும் ஒரு பெட்டிக்கு வெளியே தொடர்பு இருந்தாலே, அந்தக் கட்டத்துக்குக் கொடுத்த திசை புறக்கணிக்கப்படும் என்று மெர்மெய்டின் கையேடே சொல்கிறது. இரண்டு வடிநிலங்களும் ஒரு வட்டாரத்தில் சந்திக்கிற இடத்தில் இது நேராக வந்து இடிக்கும்.

படம் நிலவரைபடம் ஆகிவிடும் என்ற எதிர்பார்ப்பும் அடிக்கடி ஏமாறுகிறது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள். ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால் என இரண்டு. வடகால் மேலேயும் தென்கால் கீழேயும் வர வேண்டும் என்று டாட்டுக்குத் தானாகத் தெரியாது. பெட்டியின் எந்தப் பக்கத்தில் கோடு புறப்பட வேண்டும் என்பதை அடுக்கும் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வது ஈஎல்கேயின் பலம். மெர்மெய்டு ஃப்ளோசார்ட்டில் பக்கம் குறிக்க வழியில்லை. ஊர்கள் உள்ளபடியே நிற்க வேண்டும் என்றால் கிராஃப்விஸின் நீட்டோ நிரலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆயத்தொலைவு கொடுத்து ஆணி அடித்துவிடலாம். பெட்டிகளுக்கு இடையே சுருள்வில் இருப்பதாகக் கொண்டு கணக்கிடும் நீட்டோ வகை அடுக்குகள் திசையில்லாத வலைப்பின்னலுக்கு நன்றாக அமையும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீரைக் காட்ட அடுக்குப் படமே தகும்.

"தமிழ்ப் பெயர் எழுதினால் உடைந்துவிடும்" என்று பயந்து, நதியுண்ணியை ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்கள் பலர். டாட் மொழி யூடிஎஃப்-8 எழுத்துகளை ஏற்கிறது. பேச்சிப்பாறை என்று மேற்கோள்குறிகூட இல்லாமல் எழுதலாம். இடைவெளியோ முற்றுப்புள்ளியோ வந்தால், 'எம்.எல். தேரி' என்ற பெயரைப் போல, மேற்கோள்குறி தேவை. சிக்கல் வரைகிற இடத்தில்தான். பேங்கோ நூலகமும் தமிழ் எழுத்துருவும் சேர்ந்திருந்தால் கிராஃப்விஸ் எழுத்தின் அகலத்தைச் சரியாக அளக்கும்; பேங்கோ இல்லாத பதிப்புகள் அகலத்தை ஊகிப்பதால் பெயர் பெட்டிக்கு வெளியே வழியலாம். மெர்மெய்டு உலாவிக்குள்ளேயே எழுத்தை அளப்பதால் அந்தத் தொல்லை குறைவு. கட்டளை வரியில் ஓட்டும்போதும் பின்னணியில் குரோமியம் ஒன்றைத் திறப்பது அதற்காகத்தான். சொந்த மடிக்கணினியில் சரியாக வந்த படம், ஆவணத்தைக் கட்டும் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லாததால் வெறும் கட்டங்களாக வரக்கூடும். வெளியிடும் முன் அந்தச் சர்வரில் 'ஸ்ரீவைகுண்டம்' என்று ஒரே ஒரு பெட்டியை வரையச் சொல்லிப் பார்த்தால், கூட்டெழுத்து, கொம்பு, அகலம் மூன்றும் சரியா என்று அப்போதே தெரிந்துவிடும்.