ஆலமரத்தடிப் பழக்கங்கள்: இணையத்தில் கூடி வாழக் கற்பித்தல்

கைபேசிக் குழு இல்லாத வகுப்பு இன்று அரிது. பெற்றோர் குழு, ஆசிரியர் குழு, மாணவர்கள் தாங்களே தொடங்கிக்கொள்ளும் குழு என ஒரு வகுப்பைச் சுற்றி மூன்று நான்கு குழுக்கள் இயங்குகின்றன. வீட்டுப்பாடம் அனுப்பத் தொடங்கிய குழுவில் சில மாதங்களில் காலை வணக்கப் படங்கள் நிறைகின்றன. அதன்பின் வதந்தி, கேலி, கடைசியில் சண்டை. "கைபேசியைத் தொடாதே" என்று சொல்வது எளிது. ஆனால் இந்தப் பிள்ளைகள் நாளை வேலை பார்ப்பதும் பழகுவதும் இணையத்தின் வழியாகத்தான் இருக்கும். அங்கே நாலு பேரோடு கூடி இருப்பது எப்படி என்பதையும் நாம்தான் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியரான நான் அதற்குப் பயன்படுத்தும் எடுத்துக்காட்டு தமிழ் விக்கிப்பீடியா.

விளம்பரம் இல்லாத ஓர் இடம்

வணிக நோக்குடைய சமூக ஊடகங்கள் விளம்பர வருவாயில் இயங்குகின்றன. நாம் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறோமோ அந்த அளவுக்கு அவற்றுக்கு லாபம். நிதானமான செய்தியைவிடக் கோபமூட்டும் செய்தி நம்மை அதிக நேரம் பிடித்துவைக்கிறது. ஆகவே அத்தகைய செய்தி முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. இது பயன்படுத்துவோரின் குணக்கேடு மட்டுமன்று, அந்த இடம் கட்டப்பட்டுள்ள விதமும் ஒரு காரணம். இதை எட்டாம் வகுப்பு மாணவருக்கும் புரியவைக்க முடியும்.

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ்ப் பதிப்பு 2003 செப்டம்பரில் பிறந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றியபடியே அதைத் தொடக்க ஆண்டுகளில் வளர்த்தெடுத்தார். அந்தப் பணிக்காகக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, ஐரோப்பா எனப் பல இடங்களில் இருப்பவர்கள் ஊதியமின்றி எழுதி, 2017 மே மாதத்தில் ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டினார்கள். தளத்தைத் தாங்கி நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை லாப நோக்கமற்றது. நன்கொடையில் இயங்குவதால் பக்கங்களில் விளம்பரம் கிடையாது.

இந்த இடம் நமக்குப் புதிதும் அல்ல. 2017இல் பள்ளிக் கல்வித் துறையின் முன்னெடுப்பில் மாவட்டந்தோறும் ஆசிரியர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியா பயிற்சி நடந்தது. அப்போது உருவான பயனர் பெயர்கள் 'டி.என்.எஸ்.இ.' என்று தொடங்கி, நடுவில் ஆசிரியர் பெயரும் இறுதியில் மாவட்டக் குறியீடும் கொண்டிருந்தன. நம் விருதுநகருக்கு 'வி.என்.ஆர்.'. அப்பெயர்களைப் பழைய கட்டுரைகளின் வரலாற்றுப் பக்கங்களில் இன்றும் காணலாம்.

நான்கு பழக்கங்கள்

முன்பின் அறியாதவர்கள், வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு கருத்துடையவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து வேலை செய்வது எப்படி முடிகிறது? நல்ல மனிதர்கள் என்பது மட்டும் விடையாகாது. பழக்கங்கள் சில உண்டு. வகுப்பறைக்குப் பொருந்தும் நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வரலாறு. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது அங்கே பதிவாகிறது. ஒருவர் கெடுத்துவிட்டால் இன்னொருவர் முந்தைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். செய்த திருத்தத்தைச் சத்தமில்லாமல் மறைக்க முடியாது. அதனால் பொறுப்பு தானாக வருகிறது.

இரண்டாவது, உரையாடல் பக்கம். கட்டுரை ஒரு பக்கம், அதைப் பற்றிய விவாதம் மறு பக்கம். கருத்து வேறுபாடு வந்தால் கட்டுரையை மாற்றி மாற்றி எழுதிச் சண்டையிடாமல் உரையாடல் பக்கத்துக்கு வர வேண்டும். எழுதியவற்றின் கீழே கையொப்பம் இட வேண்டும். பொதுவான விவாதங்களுக்கு 'ஆலமரத்தடி' என்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பொது வழக்கு பேசும் இடத்தின் பெயர் அது.

மூன்றாவது, சான்று. "எனக்குத் தெரியும்" என்பது போதாது. நூல், நாளிதழ், ஆய்வேடு என மற்றவர் சரிபார்க்கக்கூடிய மேற்கோள் வேண்டும். நம்பத்தகுந்த சான்றுகள் இரண்டு விதமாகச் சொன்னால், இரண்டையும் நடுநிலையோடு எழுத வேண்டும்.

நான்காவது, புதியவரைக் கடிக்காமை. முதல்முறை எழுதுபவர் தவறு செய்வார். அதைத் தீய நோக்கம் என்று எடுத்துக்கொள்ளாமல், நல்லெண்ணம் உடையவர் என்றே முதலில் நம்ப வேண்டும். பழகிப் பார்க்க 'மணல்தொட்டி' என்று தனியிடம் உண்டு. அங்கே எதை எழுதினாலும் கட்டுரைகளுக்குப் பாதிப்பில்லை.

எந்தக் கோபுரம்?

இந்த நான்கும் என் வகுப்பில் எப்படிப் பயன்பட்டன என்பதைச் சொல்கிறேன். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கப் பிள்ளைகளும் இராஜபாளையம் பக்கப் பிள்ளைகளும் கலந்து படிக்கிறார்கள். தமிழ்நாடு அரசுச் சின்னத்தில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் கோபுரம் என்பது எங்கள் பகுதியின் பெருமை. பொது அறிவு நூல்கள் பலவும் அப்படியே சொல்கின்றன. தாய்மாமன் வீடு மதுரையில் உள்ள மாணவன் ஒருவன், "அது மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரம்" என்று மாணவர் குழுவில் எழுதிவிட்டான். அன்றிரவே கேலிப் படங்கள் நிறைந்தன. அவனைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

குழுவை மூடச் சொல்வதால் பயன் இருக்காது என்று தோன்றியது. வேறு பெயரில் இன்னொன்று தொடங்கும். அவன் வீட்டுக்குச் சென்று பேசி அழைத்து வந்தபின், வகுப்பில் இரண்டு சார்ட் தாள்களை ஒட்டினேன். ஒன்றின் தலைப்பு 'கட்டுரை', மற்றொன்று 'உரையாடல்'. சண்டையை அப்படியே தாளுக்கு மாற்றினோம். விதிகள் மூன்றுதான்: எழுதுபவர் பெயரும் தேதியும் இட வேண்டும், ஆளைப் பற்றி எழுதக்கூடாது, செய்தியைப் பற்றி மட்டும் எழுதலாம், ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று வேண்டும்.

பெயர் போட்டு எழுத வேண்டும் என்றதும் கேலியெல்லாம் நின்றுபோனது. "எங்க தாத்தா சொன்னாரு டீச்சர்" என்பது முதல் பதிவு. அதன் கீழே ஒரு மாணவி, "தாத்தா எந்தப் புத்தகத்தில் படித்தார்?" என்று கேட்டிருந்தாள். சின்னத்தில் எத்தனை நிலைகள் என்று எண்ணிப் பார்க்கலாம் என்றான் இன்னொருவன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் பதினொரு நிலை, மதுரை மேற்குக் கோபுரம் ஒன்பது நிலை. ஆனால் சிறிய படத்தில் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறியது. நாமாக எண்ணிச் சொல்வது 'சொந்த ஆய்வு' ஆகிவிடும், விக்கிப்பீடியா அதை ஏற்பதில்லை என்று விளக்கினேன். பிறகு நூலகம் சென்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. யாரும் வந்து அமர்ந்து படிக்கும் இத்தகைய பொது இடம் நமக்கு இணையத்துக்கு முன்பே பழக்கம்தான்.

ஒரு வாரத்தில் 'கட்டுரை'த் தாளில் எழுதப்பட்டது இது: சின்னத்தை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். அதிலுள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பரவலாகக் கூறப்படுகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரமே மாதிரி என்ற கருத்தும் உண்டு.

இந்த மூன்று வரிகளில் யாரும் தோற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்குச் சிறிது ஏமாற்றம் இருந்தது உண்மை. ஆனால் தங்களுக்குப் பிடிக்காத கருத்தையும் சான்றோடு வந்தால் எழுத வேண்டும் என்பதை அவர்களே செய்துகாட்டினார்கள். இரண்டாவது கருத்துக்கான வரியைத் தன் கையால் எழுதியவள் ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவி.

உங்கள் வகுப்பில் செய்து பார்க்க

இதற்குக் கணினி கட்டாயம் இல்லை. தொடக்கப்பள்ளியில் 'காகித விக்கி' போதும்.

முதல் பாடவேளையில் ஊரைப் பற்றிய ஒரு தலைப்பை மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும். எங்கள் பகுதியில் தலைப்புக்குக் குறைவில்லை: 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா, 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற இராஜபாளையம் நாய், 1988இல் அமைந்த சாம்பல்நிற அணில் சரணாலயம், சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணித் தறிகள்.

இரண்டாவது பாடவேளையில் குழுக்களாக ஆளுக்கு இரண்டு வரி பென்சிலால் எழுதட்டும். தவறானால் அழிக்காமல் ஒரு கோடு இட்டுத் திருத்தட்டும். அதுவே வரலாறு.

மூன்றாவது பாடவேளையில் குழுக்கள் தாள்களை மாற்றிக்கொண்டு உரையாடல் தாளில் கேள்வி எழுதட்டும். "தப்பு" என்று மட்டும் எழுதக்கூடாது. எது, ஏன் என்று எழுத வேண்டும்.

நான்காவது பாடவேளையில் சான்று தேடித் திருத்திய கட்டுரையை வாசிக்கட்டும். புதிதாகச் சேர்ந்த மாணவர் யாரேனும் இருந்தால் அவருக்கு உதவ ஒருவரை நியமியுங்கள்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் உண்மையான விக்கிப்பீடியாவின் வரலாற்றுப் பக்கத்தையும் உரையாடல் பக்கத்தையும் திறந்து காட்டலாம். மாணவர்கள் எழுத விரும்பினால் ஆசிரியர் உடனிருக்க வேண்டும். மாணவரின் முழுப்பெயர், படம், பள்ளி, கைபேசி எண் எதுவும் பயனர் பக்கத்தில் இடம்பெறக் கூடாது. பாடநூலையோ பிற தளத்தையோ படியெடுத்து ஒட்டக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

விளம்பரம் இல்லை என்பதால் மட்டும் ஓர் இடம் நலமாகிவிடாது. விக்கிப்பீடியாவிலும் காரசாரமான மோதல்கள் நடந்திருக்கின்றன, சிலர் மனம் நொந்து விலகியிருக்கிறார்கள். உலகெங்கும் அதில் எழுதும் பெண்களின் எண்ணிக்கை குறைவு. நம் வகுப்பிலும் உரையாடல் தாளில் யார் எழுதவில்லை என்று பாருங்கள். அமைதியாக இருக்கும் பிள்ளையை அழைத்து எழுதவைப்பது ஆசிரியரின் வேலை. விதிகள் பழையவர்களின் ஆயுதமாக மாறினால் புதியவர்கள் வரமாட்டார்கள். அதனால்தான் நான்காவது பழக்கம் மற்ற மூன்றுக்கும் காவல் என்று கருதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கைபேசிக் குழு இன்றும் இருக்கிறது. அதில் இப்போது அவர்களே வைத்துக்கொண்ட இரண்டு விதிகள் உண்டு: எங்கிருந்து வந்தது என்று தெரியாத செய்தியைப் பகிரக்கூடாது; ஒருவரை நீக்கும் முன் அவரிடம் நேரில் பேச வேண்டும். இரண்டாவது விதியைச் சொன்னது, அன்று நீக்கப்பட்ட மாணவன். அதை ஏற்றுக்கொள்ளலாமா என்பதையும் உரையாடல் தாளில் பெயரும் தேதியும் இட்டு எழுதித்தான் முடிவு செய்தார்கள்.